கட்டிலுக்குக் கீழே தணல்

பின்நேரம் அஸர் தொழுது பள்ளியிலிருந்து ஆட்கள் கலையும் நேரத்துக்கு நஸீறா வந்துவிடுவாள். கேற்றைத் தட்டுகிற பழக்கம் அவளிடம் இல்லை. தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, செருப்பை வாசலில் உதறிவிட்டு, நேரே அறைக்குப் போய்த் திரைச்சீலையை விலக்குவாள். ஹுஸ்னியா உள்ளே இருக்கிறாளா, வெள்ளைதான் உடுத்திருக்கிறாளா, கையில் என்ன வைத்திருக்கிறாள் என்று பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் ஸலாம்.

"என்னகா, இண்டைக்கும் லெப்டொப்தானா? குர்ஆன் எங்க?"

"ஓதிட்டுத்தான் வெச்ச, மாமி."

"ஓதின மொகமா இது?"

ஹுஸ்னியா லெப்டொப்பை மூடுவாள். நஸீறா கட்டிலின் கால்மாட்டில் உட்காருவாள். உட்கார்ந்தால், பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்கு வாங்கு சொல்லும்வரை எழும்பமாட்டாள். உம்மா கொண்டுவந்து வைக்கிற தேநீர் ஆடை படிந்து ஆறிப்போகும். ஒரு நாளும் அவள் அதைத் தொட்டதில்லை.

நஸீறாவின் ஒரே மகன் அப்ராஸ். ஹுஸ்னியாவுக்குக் காவின் என்கிற கலியாண ஒப்பந்தம் எழுதிய மாப்பிள்ளை. இருவரும் படிக்கவென்று துருக்கிக்குப் போனவர்கள். ஜனவரிக் குளிரில் அவன் அங்கே மௌத்தானான், அடக்கமும் அங்கேயே முடிந்தது. அவள் மட்டும் சாய்ந்தமருதுக்குத் திரும்பி வந்து வாப்பாவின் வீட்டில் இத்தா இருந்தாள், கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் இருக்கிற இருப்பு. இவ்வளவும் தெருவுக்கே தெரியும். அறைக்குள் புகை அடைத்து மூச்சு நின்றது என்பதும் தெரியும். புகை எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களுக்கு ஹீட்டர் என்று ஹுஸ்னியா சொல்லியிருந்தாள். புகை ஹீட்டரிலிருந்து வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஒலுவில் கெம்பஸில் புவியியல் படித்து முடித்த கையோடு அவளுக்கு டிராப்சோன் என்ற ஊரில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. கருங்கடல் ஓரத்து ஊர். துறைமுகம் கட்டின இடத்துக்குப் பக்கத்துக் கரையைக் கடல் ஏன் தின்கிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. ஒலுவிலில் தென்னைகள் வேரோடு கடலுக்குள் சரிவதைப் பார்த்துக்கொண்டே படித்தவள் அவள். அதே கதை கருங்கடலிலும் நடந்திருந்தது.

ஜவுபர், அவளுடைய வாப்பா, நெல் வியாபாரி. மகள் படிப்பதில் அவருக்குப் பெருமைதான். ஆனாலும் மஹ்ரம், அதாவது உரிமையுள்ள ஆண்துணை, இல்லாமல் ஒரு பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப முடியுமா என்று பள்ளியில் நாலு பேர் கேட்டதும் அவருடைய குரல் இறங்கிவிட்டது. அப்போதுதான் நஸீறாவின் காக்கா அபுல் ஹஸன் ஒரு வழி சொன்னார். அவர் பள்ளி நிருவாகத்தில் இருப்பவர். தங்கை மகன் சும்மாதானே இருக்கிறான், அவனுக்கும் அங்கே ஒரு மொழிக் கோர்ஸ் எடுக்கலாம், காவினை எழுதி இரண்டு பேரையும் சேர்த்தே அனுப்பலாம் என்றார்.

நஸீறா சம்மதித்தாள். துருக்கியில் படிக்கிற மகன் என்றால் கசக்குமா? ஆனால் நிபந்தனை போட்டாள்.

"காவின எழுதுங்க. கூட்டிக் குடுக்கிறது மேல்மாடி முடிஞ்ச பொறகுதான். என்ட மகன் கம்பி நீட்டிக்கிட்டு நிக்கிற ஊட்டுக்குக் குடி வரமாட்டான்."

இந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பதும்தான் வழக்கம். காவின் எழுதி வருடக்கணக்கில் வீட்டுக்காகக் காத்துக் கிடக்கிறவர்களும் உண்டு. ஜவுபரின் வீட்டில் கீழ்த்தளம் முடிந்திருந்தது. மேலே கொங்கிரீட் தட்டும் நாலு தூணும் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளும் மட்டும்தான் இருந்தன.

"அங்க போய் ரெண்டு பேரும் ஒரு ஊட்டில இரிக்கலாந்தானே?" என்று உம்மாதான் மெதுவாகக் கேட்டாள். "காவின் எழுதின புருசன் பொஞ்சாதிதானே."

"ஊருக்குக் கலியாணச் சோறு குடுக்காம அங்க போய்க் குடும்பம் நடத்தினா, நாளைக்கு என்ட மகன மேல்மாடி இல்லாமப் புடிச்சிட்டீங்க எண்டு ஊர் சிரிக்கும். அங்கயும் வேற வேறயாத்தான் இரிக்கணும். சம்மதமெண்டாச் சொல்லுங்க. இல்லாட்டி விடுங்க."

ஜவுபர் சம்மதம் என்றார். எல்லோரும் சம்மதம் என்றார்கள். ஹுஸ்னியாவும் சொன்னாள். அவளுக்குப் போகவேண்டும், அவ்வளவுதான்.

டிராப்சோனில் அவள் பெண்கள் விடுதியில் தங்கினாள். அங்கே சுவரோடு ஒட்டிய இரும்புப் பெட்டிகளில் எந்நேரமும் சுடுநீர் ஓடி அறை கதகதப்பாக இருக்கும். அப்ராஸ் மலைச்சரிவில் பழைய வீடொன்றின் பின்னறையை எடுத்தான். அங்கேயும் அந்த இரும்புப் பெட்டி இருந்தது. வீட்டுக்காரன் அதைக் காலையில் கொஞ்ச நேரம் திறந்துவிடுவதோடு சரி. இருவரும் பஸ் தரிப்பிடத்தில் சந்தித்துக்கொள்வார்கள். தேநீர்க் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து கதைத்துவிட்டு, இருட்ட முதல் ஆளுக்கொரு பக்கம் போவார்கள்.

ஒரு நாள் விடுதிப் பொறுப்பாளர் அம்மணி ஹுஸ்னியாவைக் கூப்பிட்டு, வெளியே வந்து நிற்கிற பையன் யார் என்று கேட்டாள். கணவன் என்றாள். அம்மணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். கணவன் என்றால் நீ இங்கே என்ன செய்கிறாய் என்றாள். சாய்ந்தமருதில் ஒரு மேல்மாடிக்கு இன்னும் சுவர் எழும்பவில்லை என்பதை, கற்று ஒரு வருடமும் ஆகாத துருக்கி மொழியில் எப்படிச் சொல்வது? ஹுஸ்னியா சிரித்து மழுப்பினாள். அம்மணி சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் வந்து நின்றால் காவலாளியை விட்டு அனுப்பிவிடுவாள்.

அப்ராஸ் அதையும் பகிடியாக்கினான். "படிக்க வந்தவள் நீ. நான் விசா ஒட்டின மஹ்ரம். காவலாளிக்கு அது வெளங்கல்ல." மொழி வகுப்பில் அவன் கடைசி வரிசை. பெயர் வாயில் நுழையவில்லை என்று அங்கே அவனுக்கு வேறொரு பெயர் வைத்திருந்தார்கள், அந்தப் பெயரில் யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டான். அங்கே அவனுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. "ஊரிலயும் கடலுக்கு முதுகு காட்டித்தான் தொழுறம், இஞ்சயும் அப்பிடித்தான். இதுக்கா ஹுஸ்னியா இவ்வளவு தூரம் வந்த?" என்பான்.

மழையும் பனியும் கலந்து ஊற்றிய ஒரு பின்நேரம், பஸ் தரிப்பிடத்தில் கைகளைக் கக்கத்தில் செருகியபடி சொன்னான்:

"உம்மா ஒரு மருந்து சொல்லிரிக்கா. சட்டியில தணல் போட்டுக் கட்டிலுக்குக் கீழ வெச்சி, கதவச் சாத்திப் படுக்கட்டாம். புள்ளப் பெத்தவளுக்கு வைக்கிற மாதிரி."

"விசரா ஒங்களுக்கு? இஞ்சத்த அறைக்குள்ள அப்பிடி வெச்சா மௌத்துத்தான். வைக்காதீங்க."

"நான் என்ன புள்ளயா பெத்திருக்கன்?" என்று சிரித்தான். பஸ் வந்தது. அவன் ஏறினான்.

அவன் அதைச் செய்வான் என்று அவள் நினைக்கவில்லை. ஊர் வீடுகளில் ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே காற்றுப் போக ஒரு முழம் வழி இருக்கும். பிள்ளை பெற்றவளின் கட்டிலுக்குக் கீழே தணற்சட்டி இருந்தால் அறை சூடாகும், புகை தன்பாட்டில் ஏறிப் போய்விடும். அப்படிப்பட்ட அறையில்தான் நஸீறா அவனைப் பெற்று நாற்பது கழித்தாள். டிராப்சோன் அறையின் ஜன்னலில் இரட்டைக் கண்ணாடி. கதவுக்குக் கீழே இருந்த இடைவெளியையும் அவன் துவாயால் அடைத்திருந்தான்.

பொலிஸ்காரர் கட்டிலுக்குக் கீழிருந்து இறைச்சி வாட்டுகிற தகரத் தட்டை இழுத்துக் காட்டினார். அதில் வெள்ளையாகச் சாம்பல். இது உங்கள் நாட்டு வழக்கமா என்று கேட்டார். ஆம் என்றாள்.

பிறகு ஊரிலிருந்து போன்கள் வந்தன. மய்யித்தைக் கொண்டுவர வேண்டும் என்றாள் நஸீறா. அதற்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. பிரேதப் பரிசோதனை முடிந்ததும் அங்குள்ள பள்ளிக்காரர்கள் தாமதிக்க வேண்டாம் என்றார்கள். மனைவி நீங்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். அவள் இங்கேயே அடக்குங்கள் என்றாள். கடலுக்கு மேலே, மேட்டில், நனைந்த மண்ணில் அடக்கினார்கள்.

"நீ ஆரு சம்மதம் குடுக்க?" என்று நஸீறா போனில் கத்தினது இன்னும் அவளுடைய காதில் இருந்தது. "வெறும் காவின் மட்டுந்தானே எழுதின. ஒரு நாள் சோறாக்கிக் குடுத்தியா அவனுக்கு? என்ட புள்ளய மண்ணில வைக்க நீ ஆரு?"

இரண்டு நாள் போகவில்லை. அதே நஸீறா அபுல் ஹஸனைக் கொண்டு போன் எடுப்பித்தாள். புருசன் மௌத்தான பெண் அந்நியத்தில் கிடக்கக் கூடாது, ஊருக்கு வந்து இத்தா இருக்க வேண்டும் என்று. அடக்கம் செய்யும்போது வெறும் காவின்காரியாக இருந்தவள், அடைத்து வைக்கும்போது முழுப் பெண்டாட்டி ஆகிவிட்டாள்.

அவள் வந்தாள். வந்ததுதான் பிழை. அவளுடைய ஆய்வு எழுதி முடிந்திருந்தது, நேரில் போய்ச் சபைக்கு முன்னால் நின்று பதில் சொல்வது மட்டும்தான் மிச்சம். பல்கலைக்கழகம் ஒரு தடவை தவணை தந்தது. இரண்டாவது தடவை கேட்டபோது, இந்தத் தவணைக்கு வராவிட்டால் இடம் போய்விடும் என்று எழுதிவிட்டார்கள். இத்தா முடிவதற்கு முன்பே அந்தத் தவணை முடிந்துவிடும்.

இத்தாவில் இருப்பவள் பயணம் போகலாமா என்று ஜவுபர் இரண்டு மௌலவிமாரிடம் கேட்டார். ஒருவர் கூடாது என்றார். மற்றவர், தேவை எது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். ஜவுபருக்கு இரண்டாவது ஆள் சொன்னது பிடித்திருந்தது. ஆனால் அதை நஸீறாவிடம் சொல்லும் தைரியம் வரவில்லை. மாவடிப்பள்ளியில் வயல் வெட்டு என்று காரணம் காட்டி விடியப் போனால், நஸீறா எழும்பிப் போன பிறகுதான் வீட்டுக்கு வருவார்.

உம்மாதான் டிக்கட் போடச் செய்தாள். வெள்ளிக்கிழமை காலை எயார்போட்டுக்கு வான் வரும். பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி, விரிப்பை நிலத்தில் முட்ட இழுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை அஸருக்கு நஸீறா தனியாக வரவில்லை.

திரைச்சீலைக்கு வெளியே ஆண் குரல் கேட்டது. அபுல் ஹஸன். பிளாஸ்டிக் கதிரை இழுபடுகிற சத்தம். அன்று வயலில் மெஷின் உடைந்ததால் வாப்பாவும் வீட்டில்தான் இருந்தார், ஓட இடமில்லை. இத்தா இருப்பவள் அந்நிய ஆணின் கண்ணில் படக்கூடாது என்பதால் ஹுஸ்னியா சீலைக்கு உள்ளே நின்றாள். சீலை நிலத்தைத் தொடாத இடத்தில் அபுல் ஹஸனின் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

நஸீறா உள்ளே வந்தாள். உட்காரவில்லை. குனிந்து விரிப்பைத் தூக்கினாள். பெட்டியைக் கண்டாள்.

"பாத்தீங்களா காக்கா, நான் சொன்னது சரி. பொட்டி கட்டி வெச்சிரிக்காள்."

வெளியே அபுல் ஹஸன் தொண்டையைச் செருமினார். "ஜவுபர், இது நமக்குச் சரிவராது. மய்யித்தின்ட மண் இன்னும் காயல்ல. இத்தாவில இரிக்கிற பொம்புள பயணம் போறதெண்டா ஊர் என்ன கதைக்கும்?"

வாப்பா வாயைத் திறக்க முன்பே ஹுஸ்னியா சீலைக்குள்ளிருந்து பேசினாள்.

"மாமா, ஒண்டு கேக்கன். இத்தாவில இரிக்கிறவ பயணம் போகக்கூடாதெண்டா, அங்க இரிந்த என்னை ரெண்டு பிளேன் ஏற வெச்சி இஞ்ச கூப்பிட்டது ஆரு?"



"வாய் நீளுது," என்றாள் நஸீறா. "படிச்ச வாய். அந்த வாயாலதானே அவனக் கூட்டிட்டுப் போன. ஒனக்கு மஹ்ரம் வேணுமெண்டு என்ட மகன எடுத்திட்டுப் போய், குளிருக்குள்ள எறிஞ்சிட்டு, நீ சூடான ஹொஸ்டல்ல படுத்திருக்காய்."

"அவரை என்னோட ஒரு ஊட்டில இரிக்க வேணாமெண்டது ஆரு மாமி?"

"வழக்கத்தச் சொன்ன."

"மேல்மாடியச் சொன்னீங்க," என்றாள் சமையலறை வாசலில் நின்ற உம்மா. "இப்ப போய்ப் பாருங்க மேல. காகந்தான் குந்துது. ஒங்கட மகன் குடி வாறதுக்குத்தானே கட்டின."

"நீ சும்மா இரி," என்றார் வாப்பா.

"ஏன் சும்மா இரிக்க? இவ்வளவு நாளும் சும்மா இருந்து என்ன கண்ட?"

நஸீறா அவர்கள் பக்கம் திரும்பவேயில்லை. அவளுடைய கண் ஹுஸ்னியாவின் முகத்திலேயே நின்றது. குரல் தணிந்துவிட்டது. கத்தும்போது இருந்ததைவிட இப்போது கேட்கக் கடினமாக இருந்தது.

"நான் தூரத்தில இரிந்தும் என்ட புள்ளக்கி வழி சொல்லிக் குடுத்தன். சட்டியில தணல் போட்டுக் கட்டிலுக்குக் கீழ வை மகன், கதவ இறுக்கச் சாத்து, குளிர் அண்டாது எண்டு சொல்லிச் சொல்லிப் படிப்பிச்சன். அவனுக்குக் கைபழகாத வேல. பக்கத்தில இரிந்த நீ, ஒரு நாள், ஒரேயொரு நாள் போய் அந்தத் தணலையாவது வெச்சிக் குடுத்தியா? வெச்சிருந்தா என்ட மகன் வெறச்சிப் போய்ச் செத்திருப்பானா?"

இவ்வளவு நாளும் தேநீரைத் தொடாமல், சீலையை விலக்கிப் பார்த்து, முகத்தைப் பார்த்து அவள் கேட்க வந்தது இதைத்தான் என்று ஹுஸ்னியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. மகன் குளிரில் விறைத்தே செத்தான் என்று நஸீறா நம்பியிருந்தாள். ஹீட்டர், புகை என்றெல்லாம் மற்றவர்கள் சொன்னது அவளுடைய காதில் ஏறவேயில்லை.

அந்தத் தணல்தான் அவனைக் கொன்றது என்கிற ஒரே ஒரு வசனம் ஹுஸ்னியாவின் வாயில் வந்து நின்றது. அதைச் சொன்னால் நஸீறா இனி எந்த வீட்டுக் கேற்றையும் தள்ளிக்கொண்டு போகமாட்டாள். எழும்பி நடக்கவே மாட்டாள். ஹுஸ்னியா கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"வெச்சான் மாமி," என்றாள். இறந்தவனை அவள் 'அவர்' என்றுதான் சொல்வது வழக்கம். அன்று வாயில் அப்படி வந்தது. "நான் வைக்க வேணாமெண்டுதான் சொன்னன். ஆனா அவன் ஒங்கட சொல்லத்தான் கேட்டிருந்தான். தட்டில தணல் இரிந்திச்சி. கட்டிலுக்குக் கீழதான். கதவுக்குக் கீழ துவாயும் அடைச்சிருந்தான். அறை சூடாத்தான் இரிந்ததாம். பொலிஸ்காரர் சொன்னாங்க."

நஸீறாவின் தோள்கள் இறங்கின. அன்றைக்குத்தான் முதற்தடவையாக அவள் அந்தக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப வெறச்சிப் போகல்ல என்ட மகன்," என்றாள். பிறகு நிமிர்ந்து, பழைய குரலில், "பாத்தியா? நீ வேணாமெண்டும் அவன் உம்மாட சொல்லத்தான் கேட்டிரிக்கான். நீ ஒண்டும் செய்யல்ல. நான்தான் செஞ்ச."

ஹுஸ்னியா அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சீலைக்கு அப்பால் கதிரை பின்னுக்கு நகர்ந்தது. தூதரகத்தோடு கதைத்தவர் அபுல் ஹஸன்தான். கரிப்புகை என்று அவர்கள் சொன்னதைக் கேட்டு, ஹீட்டரும் கரியில்தான் எரியும் போலிருக்கிறது என்று நினைத்து விட்டவர். இப்போது விளங்கியதும் அந்தப் பாதங்கள் செருப்பைத் தேடித் தடவின.

"நஸீறா. எழும்பு. போவம்."

"என்ன காக்கா, கதை முடியல்லயே. பொட்டிய அவிழ்க்கச் சொல்லுங்க."

"முடிஞ்சி. எழும்பு எண்டா எழும்பு."

"அவள் நாளைக்குப் போறாள் காக்கா."

"போகட்டும். ஜவுபர், புள்ள போகட்டும். பள்ளியில ஆரும் கேட்டா நான் கதைக்கிறன்."

வாப்பா எதுவும் விளங்காமல், "நீங்கதானே இப்ப..." என்று இழுத்தார். அபுல் ஹஸன் முற்றத்தில் இறங்கிவிட்டார்.

நஸீறா எழும்பினாள். போகிறபோது ஹுஸ்னியாவின் பக்கத்தில் நின்று, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "என்ட மகன்ட மண்ணை மிதிச்சிட்டுத்தானே அங்க படிக்கப் போறாய்? படி. ஒனக்கு வெளங்காது," என்றாள். முற்றத்தில் அவள் அண்ணனோடு முறைத்துக்கொண்டு போவது கேட்டது. கேற்றில் வைத்து, ஏன் காக்கா, என்ன காக்கா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். வாயை மூடிக்கொண்டு நட என்று அவர் சொன்னதும் கேட்டது.

கொஞ்சத்தில் அந்தப் பாதங்கள் தனியாகத் திரும்பி வந்தன. கையில் எடுக்க மறந்த தொப்பியைத் தேடி வந்தவர் போல. வாப்பா வெளியே கேற்றடியில் நின்றார்.

"மகள்," என்றார் அபுல் ஹஸன், சீலையோடு வாயை வைத்து. "இது... அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா உசிரோட இரிக்கமாட்டாள். ஒனக்கு விளங்கும்தானே?"

"ஓம்."

"நீ ஆருக்கும் சொல்லல்லயே?"

"இண்டுவரைக்கும் சொல்லல்ல மாமா," என்றாள் ஹுஸ்னியா. "நாளைக்கு ஏழு மணிக்கு வான் வருது. மாமி கேற்றடியில வந்து நிக்காமப் பாத்துக்கங்க."

அவர் நின்றார். சீலையின் கீழே பாதங்கள் ஒன்றையொன்று உரசின. பிறகு போய்விட்டன.

பள்ளியில் மஃரிபுக்கு வாங்கு சொன்னது. ஹுஸ்னியா கடலுக்கு முதுகு காட்டி நின்று தொழுதாள். தொழுது முடித்து, முட்டுக்காலில் இருந்தபடியே கட்டிலுக்குக் கீழே கையை விட்டுப் பெட்டியை இழுத்தாள்.